நெகிழ் மென்படலத் தன்னாற்றல் கதிர்வீச்சு உணரிகள்

நெகிழ் மென்படலத் தன்னாற்றல் கதிர்வீச்சு உணரி என்பது, வளையக்கூடிய பிளாஸ்டிக் தாளின் மீது மிக மெல்லிய அடுக்குகளாகப் படியவைக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு, வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் தராமலே கதிர்வீச்சை மின்குறிப்பாக மாற்றும் கருவியாகும். எக்ஸ் கதிர், காமா கதிர், நியூட்ரான் ஆகியவற்றை அளக்க இவ்வகை உணரிகள் ஆராயப்பட்டு வருகின்றன. சூரிய மின்கலம் ஒளியை மின்சாரமாக மாற்றுவது போலவே, இந்தப் படலம் கதிர்வீச்சின் ஆற்றலில் ஒரு சிறு பங்கை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டத்தின் அளவைக் கொண்டு கதிர்வீச்சின் அளவு கணக்கிடப்படுகிறது.

தேவை

கதிர்வீச்சை உணர மனித உடலில் புலன் எதுவும் இல்லை. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து சீசியம்-137 அடங்கிய சிகிச்சைக் கருவியின் பகுதியைச் சிலர் பழைய இரும்புக்காக எடுத்துச் சென்றனர். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். அது கதிரியக்கப் பொருள் என்று கண்டறிய இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் 249 பேர் மாசுபட்டிருந்தனர்; பின்னர் நால்வர் இறந்தனர். அந்த இரண்டு வாரங்களில் எவரிடமாவது ஓர் அளவி இருந்திருந்தால் பாதிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

நாள்தோறும் கதிர்வீச்சுக்கு இடையே பணிபுரிவோருக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. இந்திய மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் பணியாளர்கள் சட்டையில் அணியும் வெப்ப ஒளிர்வு அட்டைக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டு வில்லைகள் இருக்கின்றன. இவை நம்பகமானவை; விலையும் குறைவு. ஆனால் வில்லையைச் சூடாக்கிப் படித்த பிறகே ஏற்ற அளவு தெரியவரும். அட்டைகள் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிக்கப்படுகின்றன. எந்த நாளில், எந்தச் சிகிச்சையின்போது அதிக அளவு ஏறியது என்பதை அட்டை சொல்வதில்லை.

பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல், பணியாளர்களின் கண்வில்லைக்கான வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவெர்ட்டுக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. எக்ஸ் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயக் குழாய்ச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கண்ணருகே, விரலில், நோயாளியின் தோல் வளைவுகளில் ஒட்டி உடனுக்குடன் அளவைச் சொல்லும் கருவி தேவை என்பதே இந்த ஆய்வுகளுக்குப் பின்னுள்ள காரணம்.

வழக்கமான உணரிகளும் அவற்றின் மின்தேவையும்

1928-இல் உருவான கைகர்-முல்லர் குழாய்க்குப் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். மார்பகப் படமெடுப்பில் பயன்படும் செலினியம் தட்டின் தடிமன் சுமார் 200 மைக்ரோமீட்டர். அதற்கு ஒரு மைக்ரோமீட்டருக்கு 10 வோல்ட் என்ற வீதத்தில் சுமார் 2000 வோல்ட் தரப்படுகிறது. ஆற்றலை மிக நுட்பமாகப் பிரித்தறியும் ஜெர்மானியப் படிக உணரியைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்கு அருகில் குளிர்விக்க வேண்டும். இவை அனைத்தும் விறைப்பானவை. உயர் மின்னழுத்தம் தாங்கிய ஒரு தட்டை நோயாளியின் தோலில் ஒட்டுவது எளிதன்று.

வெளி மின்னழுத்தம் இல்லாமல் கதிர்வீச்சை அளக்கும் எண்ணம் புதிதும் அன்று. அணு உலைகளின் மையத்தில் வைக்கப்படும் தன்னாற்றல் நியூட்ரான் உணரிகள் 1960-களிலிருந்தே வழக்கில் உள்ளன. இவற்றில் ரோடியம் கம்பி நியூட்ரானை உறிஞ்சி ரோடியம்-104 ஆகிறது. 42 விநாடி அரைவாழ்வில் அது சிதையும்போது வெளிவரும் பீட்டா எலக்ட்ரான்கள் காப்புப் பொருளைக் கடந்து வெளி உறையை அடைகின்றன. கம்பிக்கும் உறைக்கும் இடையே இதனால் பாயும் மின்னோட்டமே அளவீடு. புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் நோயாளியின் உடல்மீது வைக்கப்படும் சிலிக்கான் டையோடுகளும் பெரும்பாலும் புற மின்னழுத்தம் இன்றியே இயக்கப்படுகின்றன. இந்தப் பழைய கருத்தை வளையும் படலத்துக்குக் கொண்டுவருவதே இன்றைய முயற்சியின் புதுமை.

செயல்படும் விதம்

எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று பொருளுக்குள் நுழையும்போது ஒளிமின் விளைவு அல்லது காம்ப்டன் சிதறல் மூலம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை வேகமாக வெளியேற்றுகிறது. அந்த எலக்ட்ரான் தன் வழியில் எலக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்கிக்கொண்டே ஆற்றலை இழக்கிறது. சிலிக்கானில் ஓர் இணையை உண்டாக்க 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. ஆகவே 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் முழுவதும் உறிஞ்சப்பட்டால் சுமார் 16,700 இணைகள் தோன்றும்.

தோன்றிய இணைகள் மீண்டும் சேர்ந்து மறையும் முன் அவற்றைப் பிரிக்க ஒரு மின்புலம் வேண்டும். வழக்கமான உணரியில் இதை வெளி மின்கலம் தருகிறது. தன்னாற்றல் உணரியில் பொருள்களின் அமைப்பே தருகிறது. பி வகை, என் வகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடத்தில் இயல்பாகவே ஓர் உள்மின்புலம் உருவாகும். அதேபோல, நடுவில் உறிஞ்சும் அடுக்கை வைத்து, ஒருபுறம் எலக்ட்ரான்களை மட்டும் கடத்தும் அடுக்கும் மறுபுறம் துளைகளை மட்டும் கடத்தும் அடுக்கும் அமைத்தாலும் உள்மின்புலம் கிடைக்கும். இரு மின்வாய்களையும் ஒரு மின்னோட்ட அளவியில் இணைத்தால் போதும். கதிர்வீச்சு படும்வரை மின்னோட்டம் பாயும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. ‘தன்னாற்றல்’ என்ற சொல் உணரும் பகுதியை மட்டுமே குறிக்கிறது. அந்த நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கவும், எண்ணாக்கவும், கைபேசிக்கு அனுப்பவும் தேவையான மின்சுற்றுக்கு மின்கலம் வேண்டும். உயர் மின்னழுத்தம் தேவைப்படாமை, கருவி எளிதாதல், நோயாளியின் உடலில் பாதுகாப்பாக ஒட்ட முடிதல் ஆகியவையே உண்மையான ஆதாயங்கள்.

மெல்லியதாக இருப்பதன் ஆதாயமும் இழப்பும்

உள்மின்புலத்தின் மின்னழுத்தம் பெரும்பாலும் 1 வோல்ட் அளவில்தான் இருக்கும். படலத்தின் தடிமன் 0.5 மைக்ரோமீட்டர் என்றால், மின்புலம் ஒரு மைக்ரோமீட்டருக்கு 2 வோல்ட். இது மின்னூட்டங்களைத் திரட்டப் போதுமான வலிமை. அதே 1 வோல்ட் 500 மைக்ரோமீட்டர் தடிமனில் பரவினால் மின்புலம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பெரும்பாலான மின்னூட்டங்கள் மின்வாயை அடையும் முன்பே மறைந்துவிடும். ஆகவே தன்னாற்றலில் இயங்கப் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும்.

ஆனால் மெல்லிய படலத்தைக் கதிர்வீச்சு எளிதில் கடந்துவிடுகிறது. 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிருக்கு, ஈயமும் அயோடினும் நிறைந்த பெரோவ்ஸ்கைட்டு 1 மைக்ரோமீட்டர் தடிமனில் சுமார் 0.26 விழுக்காட்டை மட்டுமே தடுக்கும். பாதியைத் தடுக்க ஏறத்தாழ 270 மைக்ரோமீட்டர் வேண்டும். அதே 1 மைக்ரோமீட்டர் சிலிக்கான் தடுப்பது 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒளிமின் உறிஞ்சல் அணு எண்ணின் ஏறக்குறைய நான்காம் அடுக்கைச் சார்ந்து உயர்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இவ்வாறு, மின்னூட்டத்தைத் திரட்ட மெலிவும் கதிரை உறிஞ்சத் தடிமனும் தேவைப்படுகின்றன. இத்துறையின் பெரும்பாலான ஆய்வுகள் இந்த முரணைத் தணிக்கும் முயற்சிகளே.

வளையும் தன்மை

ஒரு தாளை வளைக்கும்போது அதன் வெளிப்பரப்பு நீள்கிறது. அந்த நீட்சியின் விகிதம், தாளின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பதாகும். 500 மைக்ரோமீட்டர் சிலிக்கான் தகட்டை 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைக்க முயன்றால் நீட்சி 2.5 விழுக்காடு, தகடு அதற்கு முன்பே உடைந்துவிடும். 4 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அடுக்கை 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மடித்தாலும் நீட்சி 0.2 விழுக்காடுதான். எனவே நெகிழ்வு என்பது பொருளின் குணம் மட்டுமன்று. பெரும்பங்கு மெலிவின் விளைவு. எளிதில் நொறுங்கும் பொருளும் போதிய அளவு மெல்லியதானால் வளையும்.

பயன்படும் பொருள்கள்

பெரோவ்ஸ்கைட்டு: 1839-இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ், உருசியக் கனிமவியலாளர் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். அதே 1839-இல்தான் எட்மண்ட் பெக்கரல் ஒளிமின்னழுத்த விளைவைக் கண்டறிந்தார். அவருடைய மகன் ஹென்றி பெக்கரல் 1896-இல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். இந்த மூன்றும் இன்று ஒரே படலத்தில் சந்திக்கின்றன எனலாம். 2009-இல் ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டு சூரிய மின்கலத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2015-இல் அதே பொருளின் கரைசலிலிருந்து செய்த அடுக்குகள் எக்ஸ் கதிரை உணர்வது காட்டப்பட்டது. உயர் அணு எண்ணும், மின்னூட்டங்கள் நெடுந்தொலைவு செல்லும் இயல்பும், கரைசலாகப் பூசும் எளிமையும் இதன் சிறப்புகள்.

2020-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர ஆய்வாளர்களும் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, 1.4 மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக் தாளின்மீது அமைத்த பெரோவ்ஸ்கைட்டு உணரியை வெளியிட்டனர். புற மின்னழுத்தம் சுழியாக இருக்கும்போது அதன் உணர்திறன், ஒரு கிரேவுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 9.3 மைக்ரோகூலும். அது கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு விநாடிக்கு 0.58 மைக்ரோகிரே. அதே ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில், நைலான் சவ்வின் துளைகளுக்குள் பெரோவ்ஸ்கைட்டை நிரப்பித் தடித்த, ஆயினும் வளையும் படலம் செய்யப்பட்டது. இதன் உணர்திறன் பல மடங்கு அதிகம். ஆனால் அதற்குச் சிறிது புற மின்னழுத்தம் தேவை.

கரிமக் குறைகடத்திகள்: பென்டசீன் வழிப்பொருள்கள் போன்றவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்டவை. உறிஞ்சும் திறன் குறைவு. ஆனால் உடல் திசுவின் அணு எண்ணுக்கு அருகில் இருப்பதால், திசு பெறும் அளவை அதிகத் திருத்தமின்றிக் காட்டுகின்றன. பொலோனியா ஆய்வாளர்கள் 2016-இல் இவ்வகை நெகிழ் உணரியை 0.2 வோல்ட்டில் இயக்கிக் காட்டினர். உறிஞ்சலைக் கூட்ட பிஸ்மத் ஆக்சைடு போன்ற கன அணுக்களின் நுண்துகள்களைக் கரிமப் படலத்தில் கலப்பதும் உண்டு.

போரான் படலங்கள்: நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது நேரடியாக இணைகளை உண்டாக்குவதில்லை. போரான்-10 வெப்ப நியூட்ரானை உறிஞ்சி ஓர் ஆல்ஃபா துகளையும் ஒரு லித்தியம்-7 அணுக்கருவையும் எதிரெதிர்த் திசைகளில் வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்று அடுத்துள்ள குறைகடத்தி அடுக்கில் நுழைந்து மின்குறிப்பைத் தருகிறது. ஆல்ஃபா துகள் போரானுக்குள் செல்லும் தொலைவு சில மைக்ரோமீட்டர்களே. ஆதலால் படலத்தைத் தடிமனாக்கிப் பயனில்லை; ஒற்றை அடுக்கின் திறன் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

உலோகப் படல இணைகள்: குறைகடத்தியே இல்லாத வகையும் உண்டு. டான்டலம் போன்ற கன உலோகப் படலமும் அலுமினியம் போன்ற இலேசான உலோகப் படலமும் எதிரெதிரே வைக்கப்பட்டு, இடையில் நுண்துளைகள் நிறைந்த ஏரோஜெல் நிரப்பப்படுகிறது. எக்ஸ் கதிர் படும்போது கன உலோகத்திலிருந்து வெளியேறும் விரைவு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மறுபுறத்திலிருந்து வருவதைவிட மிகுதி. இந்த வேறுபாடே மின்னோட்டமாகிறது. அணு உலையின் ரோடியம் கம்பி செய்வதற்கு இது நெருங்கிய உறவு.

தயாரிப்பு

கரைசலைச் சுழலும் தாளின்மீது ஊற்றிப் பரப்புதல், கத்தி விளிம்பால் இழுத்துப் பூசுதல், மை அச்சுப்போல் துளித்துளியாக அச்சிடுதல், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தல் ஆகியவை வழக்கமான முறைகள். சுழற்சிப் பூச்சு சிறு மாதிரிகளுக்கே ஏற்றது. பெரிய பரப்புக்குக் கத்திப் பூச்சும் அச்சிடலும் உகந்தவை. சாதாரண பாலியெஸ்டர் தாள் 150 பாகை செல்சியசுக்கு மேல் சுருங்கி உருமாறும். பாலிஇமைடு தாள் 300 பாகைக்கு மேலும் தாங்கும். ஆனால் விலை அதிகம். குறைந்த வெப்பத்தில் படிகமாகும் பொருள்களுக்கு இத்துறையில் முதலிடம் கிடைப்பது இதனால்தான்.

எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும்? ஒரு கணக்கு

ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 1 மைக்ரோமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கான் படலத்தின் நிறை 0.233 மில்லிகிராம். ஒரு கிரே என்பது ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல். ஆகவே படலம் 1 கிரே பெற்றால் அதில் சேரும் ஆற்றல் 0.233 மைக்ரோஜூல். ஓர் இணைக்கு 3.6 எலக்ட்ரான் வோல்ட் வீதம், இது சுமார் 65 நானோகூலும் மின்னூட்டத்தைத் தரும்.

கதிர் சிகிச்சையின் ஓர் அமர்வில் நோயாளிக்கு வழக்கமாகத் தரப்படுவது 2 கிரே. படலமும் அதே அளவை ஒரு நிமிடத்தில் பெற்றால் சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ 2 நானோஆம்பியர். இதை அளப்பது எளிது.

மாறாக, மணிக்கு 1 மைக்ரோகிரே உள்ள இடத்தில் அதே படலம் தருவது விநாடிக்குச் சுமார் 110 எலக்ட்ரான்கள் மட்டுமே. எந்த எளிய மின்சுற்றாலும் இதை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு இதைவிடவும் குறைவு. பொதுவாக மணிக்கு 0.1 மைக்ரோகிரே அளவில் இருக்கும். மேலே சொன்ன லின்ஸ் உணரியின் 0.58 மைக்ரோகிரே என்ற எல்லையை மணிக்கணக்கில் மாற்றினால் சுமார் 2000 மைக்ரோகிரே ஆகும். இது இயற்கைப் பின்னணியைப்போல் இருபதாயிரம் மடங்கு. மருத்துவப் படமெடுப்புக்கு இந்த எல்லை போதுமானது. வீட்டிலோ தெருவிலோ கதிரியக்கக் கசிவை எச்சரிக்கும் ஒட்டுத்தாளுக்குப் போதாது. இவ்வகை உணரிகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது ‘எந்த அளவுக்கு மேல் உணரும்?’ என்ற கேள்வியை முதலில் கேட்பது நல்லது.

உணர்திறன் எண்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். புற மின்னழுத்தம் தரப்பட்ட உணரிகளில், சிக்கிக்கொண்ட ஒரு மின்னூட்டத்தின் காரணமாக எதிர் மின்னூட்டங்கள் பலமுறை சுற்றிவந்து மின்னோட்டத்தைப் பெருக்குவதுண்டு. சுழி மின்னழுத்தத்தில் இந்தப் பெருக்கம் நிகழாது. எனவே தன்னாற்றல் உணரியின் எண் சிறியதாகத் தோன்றும். ஆனால் அதன் இருள் மின்னோட்டமும் மிகக் குறைவு என்பதால் குறிப்பு தெளிவாக இருக்கும்.

குறைகளும் சவால்களும்

1. நச்சுத்தன்மை: சிறந்த பெரோவ்ஸ்கைட்டுகளில் ஈயம் உள்ளது, அவை ஈரத்தில் சிதையும். தோலில் ஒட்டும் கருவிக்கு ஈரம் புகாத உறை கட்டாயம். உறை தடித்தால் நெகிழ்வு குறையும். பிஸ்மத், வெள்ளி கொண்ட ஈயமற்ற பெரோவ்ஸ்கைட்டுகள் மாற்றாக ஆராயப்படுகின்றன.

2. அயனி நகர்வு: பெரோவ்ஸ்கைட்டில் அயனிகள் இடம்பெயர்வதால் அளவீடு காலப்போக்கில் நழுவக்கூடும். புற மின்னழுத்தம் இல்லாதபோது இது குறைகிறது. இது தன்னாற்றல் முறைக்குச் சாதகமான செய்தி.

3. ஆற்றல் சார்பு: கன அணுக்கள் தாழ் ஆற்றல் எக்ஸ் கதிரை மிகையாக உறிஞ்சுவதால், படலத்தின் அளவீடு திசு பெற்ற அளவுக்கு நேரடியாக ஈடாகாது. கதிரின் ஆற்றலுக்கேற்ற திருத்தம் வேண்டும்.

4. ஒளியும் வளைவும்: சூரிய மின்கலம் போன்ற அமைப்பு என்பதால் அறை வெளிச்சமே பொய்க் குறிப்பைத் தரும், ஒளிபுகா மேலுறை தேவை. பல்லாயிரம் முறை வளைந்த பிறகு மின்வாயில் ஏற்படும் நுண்விரிசலும் அளவீட்டை மாற்றும்.

பயன்பாடுகள்

கதிர் சிகிச்சையின்போது நோயாளியின் உடலோடு ஒட்டி அளப்பதே இவ்வுணரிகளுக்கு மிகப் பொருத்தமான களம். அங்கே அளவு வீதம் அதிகம். உடலின் வளைவுக்கேற்ப உணரி படிய வேண்டும். உயர் மின்னழுத்தம் விரும்பத்தக்கதன்று. உயர் ஆற்றல் கதிரில் படலத்தில் ஆற்றலைச் சேர்ப்பவை பெரும்பாலும் சுற்றியுள்ள திசுவிலிருந்து வரும் எலக்ட்ரான்களே. படலம் மிக மெல்லியது என்பதால் கதிரை மறைக்காமலும் கலைக்காமலும் இருக்கும். குறைந்த உறிஞ்சல் என்ற அதே குணம் இங்கே நன்மையாகிறது. தவறான இடத்துக்குக் கதிர் செல்லுமானால் அதை அந்த அமர்விலேயே கண்டு நிறுத்த முடியும் என்பது நோயாளிக்குக் கிடைக்கும் பெரும் பாதுகாப்பு.

அடுத்து, வளைந்த குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கும் தொழிற்சாலை எக்ஸ் கதிர்ப் படமெடுப்பிலும், இதயக் குழாய்ச் சிகிச்சை அறைகளில் மருத்துவரின் கை, கண் அருகேயும் இவை பயன்படலாம். பணியாளர் அட்டைகளுக்கும் சுற்றுப்புறக் கண்காணிப்புக்கும் வெப்ப ஒளிர்வு வில்லையும் கைகர் குழாயுமே இன்றும் ஏற்றவை. மெல்லிய படலம் அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. அவை எட்டாத இடங்களில், அவை சொல்ல முடியாத நேரத்தில் அளவைச் சொல்வதே அதன் பணி.